முதல் கோடையில் கருகும் மகோகனிக் கன்றுகள்: வெயிலுக்கும் பனிக்கும் என்ன செய்கிறீர்கள்?

நொய்யல்கரை · ஏப்ரல் 11, காலை 6:40

எல்லோருக்கும் வணக்கமுங்க. கரூருக்கு மேற்கே இரண்டரை ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. போன ஐப்பசியில் முதல் மழையோடு 340 மகோகனிக் கன்று வைத்தேன். பதினெட்டுக்குப் பதினெட்டு அடி இடைவெளி, நடுவில் கடலை. தை வரைக்கும் பார்க்கவே ஆசையாக இருந்தது. மாசிக் கடைசியில் பாதி இலை கொட்டி, பங்குனியில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. அது வழக்கம்தான் என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது பத்து நாளாக அந்தத் துளிரே காய்கிறது. இலையின் நடுவில் காபி நிறத்தில் திட்டு விழுகிறது. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. நாற்பது கன்றுக்கு மேல் தலை தொங்கிவிட்டது. தண்ணீருக்குக் குறையில்லை. மும்முனை மின்சாரம் பகலில்தான் வருகிறது, பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை சொட்டுநீர் ஓடுகிறது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொஞ்சம் யூரியா வைத்தால் எழுந்துவிடும் என்கிறார். அப்பா பனை ஓலை குத்து என்கிறார். அக்னி நட்சத்திரம் இன்னும் வரவேயில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பச்சைப்பந்தல் · ஏப்ரல் 11, காலை 9:15

தம்பி, முதலில் யூரியாவைத் தொடாதீர்கள். தழைச்சத்து வைத்தால் இன்னும் இளசான துளிர் தள்ளும், இந்த வெயிலில் அதுவும் கருகும். வேர் பாதி உறங்கிக்கிடக்கும் நேரத்தில் மேலே வேலை வாங்கக் கூடாது.

ஆலங்குடிப் பக்கம் பதினெட்டு வருடமாக நாற்றங்கால் வைத்திருக்கிறேன். எனக்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும். திட்டு விழுந்த இலை கன்றின் எந்தப் பக்கம் இருக்கிறது? கருகல் நடுவில் தொடங்குகிறதா, ஓரத்தில் தொடங்கி உள்ளே வருகிறதா? அடித்தண்டில் மண்ணை ஒட்டி நிறம் மாறியிருக்கிறதா? நீங்கள் வாங்கியது எந்த மகோகனி?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் முக்கியம். மகோகனி என்ற ஒரே பெயரில் மூன்று மரம் விற்கிறார்கள். சிற்றிலை மகோகனி கியூபா, ஜமைக்கா, தெற்கு ஃபுளோரிடா பக்கத்து மரம். 1795-லேயே கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம் வறட்சி தாங்கும், மெதுவாக வளரும். பேரிலை மகோகனி 1872-ல் வந்தது. தெற்கு மெக்சிகோவிலிருந்து அமேசான் காடு வரை அதன் சொந்த ஊர். வேகமாக வளரும், ஈரம் கேட்கும். மூன்றாவது ஆப்பிரிக்க மகோகனி. செனகல் தொடங்கி உகாண்டா வரை வறண்ட சவானாவில் வளர்வது, மற்ற இரண்டையும்விட வெயிலுக்குப் பழகியது. விலையைப் பார்த்து வாங்குகிறோமே தவிர, எந்த வானிலையில் பிறந்த மரம் என்று பார்ப்பதில்லை.

நொய்யல்கரை · ஏப்ரல் 11, இரவு 8:02

மாலையில் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தேன் அண்ணா. பேரிலைதான். கருகியது முக்கால்வாசி மேற்குப் பக்கத்து இலை. உச்சியில் இருப்பது நடுவில் திட்டு, கீழே பழைய இலைகளில் ஓரமும் நுனியும் காய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

தலை தொங்கியதில் ஐந்தைக் குனிந்து பார்த்தேன். மண்ணுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில், மேற்குப் பக்கம் மட்டும் பட்டை சுருங்கிப் பழுப்பாக இருக்கிறது. நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இல்லை. கிழக்குப் பக்கம் பச்சையாக இருக்கிறது.

வேர்முடிச்சு · ஏப்ரல் 12, காலை 5:55

நீங்கள் குனிந்து பார்த்ததே பாதி வைத்தியம். மேலே இலையில் தெரிவது வெயிலின் அடையாளம். கன்றைக் கொல்வது அந்த ஒரு விரல்கடை இடம்தான்.

வானிலை அறிக்கையில் 41 டிகிரி என்று சொல்வது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் எடுத்த கணக்கு. பிற்பகல் இரண்டு மணிக்கு வெறும் செம்மண்ணின் மேற்பரப்பு அதைவிடப் பதினைந்து, இருபது டிகிரி அதிகமாகக் கொதிக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் 50 டிகிரிக்கு மேல் சூடு நீடித்தால் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிருள்ள திசு வெந்துவிடும். வளர்ந்த மரத்துக்குத் தடித்த பட்டை உண்டு. பென்சில் பருமன் கன்றுக்கு என்ன இருக்கிறது? சுற்றிலும் வெந்துவிட்டால் இலை தயாரிக்கும் சர்க்கரை வேருக்கு இறங்காது. வேர் பட்டினியில் சாகும், நாம் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம்.

இலை விஷயம் இதுதான்: தண்ணீரை ஆவியாக விட்டுத்தான் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று மிகவும் வறண்டால், தண்ணீர் தீர்ந்துவிடும் என்று இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடியதும் குளிர்ச்சி நின்று, இலைச்சூடு காற்றின் சூட்டையும் தாண்டும். அதனால்தான் ஈரமான மண்ணில் நிற்கும் கன்றும் கருகுகிறது. வேர் அனுப்பும் தண்ணீர் இலை கேட்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

பழைய இலையின் ஓரக் கருகல் வேறு நோய். அது உப்பு. கரூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். அதுவரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிடுவதை நிறுத்தி, மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழமாக விடுங்கள். உப்பு வேர்ப்பகுதியைத் தாண்டிக் கீழே இறங்கட்டும்.

இன்னொரு வேலை. இன்று மோட்டார் போட்டதும் முதல் சொட்டில் கையை நீட்டிப் பாருங்கள்.

நொய்யல்கரை · ஏப்ரல் 12, பிற்பகல் 1:20

பார்த்தேன் ஐயா. கையை வைக்க முடியவில்லை. டீக்கடையில் டம்ளரை விளிம்பில் பிடிப்போமே, அந்தச் சூடு. கறுப்புக் குழாய் காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறது. உள்ளே நின்ற தண்ணீர் முழுவதும் தண்டின் அடியில் போய் விழுகிறது. ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் தண்ணென்று வந்தது. இத்தனை நாளும் தினமும் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பச்சைப்பந்தல் · ஏப்ரல் 12, பிற்பகல் 3:48

மனம் விடாதீர்கள். சொட்டுவானை தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், மண்ணின் மேல் சோகை, மட்டை என்று மூடாக்கு போட்டு, குழாயை அதற்கு அடியில் ஓடவிடுங்கள். பகல் மின்சாரத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, விடியலில் தொட்டியிலிருந்து விட முடிந்தால் இன்னும் நல்லது.

அப்பா சொன்னதையே செய்யுங்கள். பனை ஓலை ஒன்று போதும், கன்றுக்கு மேற்கே ஒன்றரை முழம் தள்ளி, கொஞ்சம் கன்றின் பக்கம் சாய்த்துக் குத்துங்கள். நான்கு பக்கமும் கூண்டு கட்டினால் உள்ளே காற்று தேங்கிப் புழுங்கும். சிலர் தெற்குப் பக்கம் மறைக்கச் சொல்வார்கள், அது வடநாட்டுக் கணக்கு. நமக்குச் சித்திரை முதல் வாரத்தில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு ஆவணி வரை நடுப்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். தெற்கே ஓலை குத்தி என்ன பலன்?

உச்சி இலைக்கு வேண்டுமானால் கயோலின் வெள்ளைக் களிமண் லிட்டருக்கு 50 கிராம் கரைத்துக் காலையில் தெளிக்கலாம். இலை மேல் வெள்ளைப் படலம் நின்று வெயிலைத் திருப்பும். எல்லாக் கன்றுக்கும் தேவையில்லை, தொங்கியவற்றுக்கு மட்டும்.

அப்புறம் நாற்றங்கால்காரனாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை நேராக லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு. விற்பதற்கு முன் இரண்டு மூன்று வாரம் வலையை விலக்கி வெயில் காட்டி, தண்ணீரைக் குறைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வாங்கும்போது கேளுங்கள். கொழுகொழுவென்று கரும்பச்சையில் நிற்கும் கன்றைவிட, குட்டையாகக் கெட்டித் தண்டோடு நிற்பது மேல்.

செவலைமண் · ஏப்ரல் 12, இரவு 9:30

மூடாக்கு மூடாக்கு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சிவகங்கைச் செம்மண்ணில் நான் கரும்புச் சோகை போட்டேன், ஒரே மாதத்தில் கரையான் ஏறி அறுபது செஞ்சந்தனக் கன்றைத் தின்றுவிட்டது. வெயிலில் செத்திருந்தால் இருபதுதான் போயிருக்கும். மண்ணைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்து சொல்லாதீர்கள்.

வேர்முடிச்சு · ஏப்ரல் 13, காலை 6:10

உங்கள் நட்டம் உண்மை, எச்சரிக்கையும் சரி. சோகை தண்டை ஒட்டிக் கிடந்ததா? நீங்கள் இழந்தது பெரும்பாலும் அதனால்தான். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் மூடாக்கு இல்லாமல் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கூழாங்கல்லோ ஓட்டுச் சில்லோ பரப்பலாம். கல் சூடாகாதா என்று கேட்பீர்கள், ஓலை நிழலுக்குள் இருந்தால் ஆகாது. அதைத் தாண்டித்தான் நான்கு அங்குலக் கனத்துக்கு மூடாக்கு. கரையான் உள்ள நிலத்தில் சோகையைவிடத் தேங்காய் மட்டை நல்லது. குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள், மெதுவாகத்தான் மக்கும். அடியில் வேப்பம்புண்ணாக்கு தூவி, வாரம் ஒருமுறை மட்டையைத் தூக்கிப் பாருங்கள்.

செவலைமண் · ஏப்ரல் 13, காலை 7:45

ஒட்டித்தான் கிடந்தது. தண்டு தெரியாமல் மூடியிருந்தேன்.

வன்னிக்காடு · ஏப்ரல் 14, இரவு 10:12

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் பாலை, முதிரை, கருங்காலி எல்லாம் தன் பாட்டில் வளருகிற மரங்கள். கோடையில் காடு காய்ஞ்சு கிடந்தாலும் அவை பிழைக்கும். மகோகனி வந்த மரம், அதுக்குப் பிள்ளை மாதிரிக் கவனிப்பு வேணும்.

அண்ணை சொன்ன ஓலை வேலையை நாங்கள் காவோலையில் செய்கிறோம். பச்சை ஓலை வேண்டாம், காய்ஞ்ச காவோலைதான் காற்றுக்கு நிற்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் தொடங்கினால் வெயிலைவிடக் காற்றுதான் கொல்லும். அதனால் சோளகம் வருகிற தென்மேற்குப் பக்கத்துக்கும் சேர்த்து மறைக்கிற மாதிரிக் குத்துவோம்.

தண்ணீருக்கு ஒரு பழைய வழி. சுண்ணாம்பு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, வாய்க்கு ஒரு மூடி வைத்தால் வாரத்துக்கு ஒருக்கால் நிரப்பினால் போதும். பானைச் சுவரால் கசிகிற ஈரத்தைத் தேடி வேர் வந்துவிடும். தண்ணீர் சுடாது, மேல் மண் நனையாததால் புல்லும் குறைவு. 340 கன்றுக்கு முடியாது எண்டு தெரியும், ஓரத்தில் நிற்கிற மெலிந்த கன்றுகளுக்குச் செய்து பாருங்கோ.

தெற்கே குருநாகல் பக்கம் மகோகனியைப் பலாவோடு கலந்து நட்ட பழைய தோட்டங்கள் இருக்கின்றன. பக்க நிழலில் நேராக உயர்ந்து போயிருக்கும். குருத்துத் துளைப்பான் புழுவின் தொல்லையும் நிழலில் குறைவு. இந்த மரம் காட்டில் பிறக்கும்போது வானம் திறந்து, சுற்றிவர மரங்கள் நிற்கும். வெட்டவெளி அதுக்குப் புதிசு.

உடுமலைக்காற்று · ஏப்ரல் 16, மாலை 5:20

வன்னிக்காடு சொன்ன கடைசி வரிக்கு என் தோட்டமே சாட்சி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊருக்கு ஆனி ஆடியில் எப்படி வரும் என்று தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். முதல் வருடம் பச்சை நிழல்வலை கட்டினேன், இரண்டு வாரத்தில் கிழிந்து, கிழிந்த நுனி கன்றுகளை அடித்தே மொட்டையாக்கியது. அடுத்த வருடம் வலைக்கு வைத்திருந்த பணத்தில் துவரை விதை வாங்கி, ஒவ்வொரு மகோகனி வரிசைக்கும் மேற்கே மூன்றடி தள்ளி இரண்டு சால் விதைத்தேன். ஆறடி உயரத்தில் உயிர்வேலியாக நின்றது. காற்றும் உடைந்தது, நிழலும் கிடைத்தது, பருப்பும் வந்தது. காற்று வரும் எல்லையில் சவுக்கு இரண்டு வரிசை, நடுவில் அகத்தி.

ஆனால் துவரையைப் புரட்டாசிக்குள் விதைத்திருந்தால்தான் பங்குனிக்கு உயரம் வரும். உங்களுக்கு இந்த வருடம் ஓலைதான்.

நொய்யல்கரை · மே 3, இரவு 9:05

நாளை அக்னி தொடங்குகிறது. செய்ததை எழுதிவிடுகிறேன்.

ஓலை 340-ம் குத்தியாயிற்று, அப்பாவே நின்று சாய்மானம் பார்த்தார். மட்டை மூடாக்கு இருநூறு கன்றுக்குத்தான் கிடைத்தது, மீதிக்குக் கடலைக் கொடி. குழாயை மாற்றியாயிற்று. தண்ணீர் இரவு பத்துக்குப் பிறகு தொட்டியிலிருந்து. மண்ணில் குத்தும் வெப்பமானி ஒன்று வாங்கி நேற்று மதியம் இரண்டு மணிக்கு வைத்துப் பார்த்தேன். வெறும் மண்ணில், ஒரு அங்குல ஆழத்தில் 49. மட்டைக்கு அடியில் அதே ஆழத்தில் 35. இரண்டு இடத்துக்கும் நடுவே நான்கடி தூரம்தான்.

தண்ணீர்ச் சோதனையில் உப்பு கூடுதல் என்றே வந்தது. வாய்க்கால் தண்ணீர் வாங்கிக் கலந்து விட ஏற்பாடு செய்கிறேன்.

சந்தேகம் ஒன்று. தண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா? ரோட்டோரப் புளிய மரத்துக்கு அடிக்கிறார்களே.

பச்சைப்பந்தல் · மே 4, காலை 7:30

பட்டை பழுப்பாக முற்றிய பகுதிக்கு மட்டும். நீற்றிய சுண்ணாம்பை நன்றாக வடிகட்டி, கஞ்சித் தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்து ஒரு கை பூசுங்கள். பச்சையாக இருக்கும் இளந்தண்டில் வேண்டாம், சுண்ணாம்பின் காரம் அதைச் சுட்டுவிடும். உங்கள் கன்றுக்கு இந்த வருடம் ஓலை நிழல் போதும். அடுத்த வருடம் கீழ்க்கிளை உதிர்ந்து தண்டு வெளியே தெரியும்போதுதான் வெள்ளையடிப்புக்கு வேலை. கீழ்க்கிளைகளை இப்போதே கழிக்கிறேன் என்று கத்தியை எடுத்துவிடாதீர்கள். தண்டுக்கு இருக்கிற ஒரே குடை அதுதான்.

நொய்யல்கரை · மே 30, காலை 6:15

அக்னி முடிந்தது. 340-ல் 23 போய்விட்டது. பதினேழு ஏற்கெனவே பட்டை வெந்திருந்த கன்றுகள். மற்ற ஆறில் மூன்றை ஆடு கடித்தது.

மொட்டையாக நிற்கும் இன்னொரு இருபதைப் பிடுங்கிவிட்டு ஆடியில் புதிதாக வைக்கலாமா?

வேர்முடிச்சு · மே 30, காலை 6:50

பிடுங்காதீர்கள். உச்சியிலிருந்து கீழே நான்கு இடத்தில் நகத்தால் கீறிக்கொண்டே வாருங்கள். எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே வரை உயிர் இருக்கிறது. இரண்டு நல்ல மழை பெய்யும் வரை காத்திருங்கள். பிறகு பச்சைக்கு ஒரு விரல்கடை மேலே சாய்வாக வெட்டி, வரும் தளிர்களில் நேரான ஒன்றை மட்டும் விடுங்கள். ஏழெட்டு மாதம் மண்ணில் ஓடிய வேர் புதுக் கன்றுக்குக் கிடைக்காது.

நொய்யல்கரை · ஆகஸ்ட் 9, இரவு 7:40

இருபதில் பதினான்கு கீழிருந்து துளிர்த்துவிட்டது ஐயா. முன்னைவிடத் தடியான குருத்து. நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை.

தளிமேடு · டிசம்பர் 19, காலை 8:20

இந்த இழையை முழுவதும் படித்தேன். எனக்குச் சிக்கல் எதிர்ப்பக்கம். தேன்கனிக்கோட்டை வட்டம், தளிக்குப் பக்கத்தில் நிலம். இங்கே வெயில் கொல்லாது. மார்கழிக் குளிர்தான். பேரிலை மகோகனி 200, இரண்டாவது வருடம். ஒரு வாரமாக விடியலில் என் வெப்பமானி 9, 10 காட்டுகிறது. இலை மேல்பக்கம் செம்பழுப்பாகி, வெளுத்து, கொட்ட ஆரம்பித்துவிட்டது. புதுக்குருத்து நாலைந்து கறுத்துவிட்டது. உறைபனி எதுவும் விழவில்லை. ஒரே நிலத்தில் மேட்டில் இருப்பது நன்றாக இருக்கிறது, பள்ளத்தில் வேலியோரம் இருப்பது மோசம்.

இங்கே படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் வைக்கோல் மூடாக்கு கனமாகப் போட்டிருக்கிறேன்.

வேர்முடிச்சு · டிசம்பர் 19, காலை 10:05

வெப்பமண்டல மரத்துக்குத் தண்ணீர் உறைய வேண்டும் என்பதில்லை. 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 10, 12-க்குக் கீழே இரவுகள் தொடர்ந்தால் செல்களின் சவ்வு நெய் உறைவதுபோல இறுகிப்போகும். வேரும் குளிர்ந்துவிடுவதால் தண்ணீரை உறிஞ்சும் வேகம் குறையும். ஈரமண்ணில் நின்றுகொண்டே கன்று வாடும்.

பள்ளத்தில் மோசம் என்றீர்களே, குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் அது தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் கீழ் எல்லையில் அடர்ந்த வேலி இருந்தால் அதுதான் கரை. காற்று வெளியேற இரண்டு மூன்று இடத்தில் வேலியின் அடிப்பகுதியைத் திறந்துவிடுங்கள்.

மூடாக்கு விஷயத்தில் இப்போது தலைகீழாகப் பேச வேண்டியிருக்கிறது. பகலில் மண் வாங்கும் சூடுதான் இரவில் கன்றுக்குக் கணப்பு. வைக்கோல் அந்தச் சூட்டை உள்ளே போகவும் விடாது, வெளியே வரவும் விடாது. வேருக்கு நல்லது, ஆனால் மேலே இலை நிற்கும் காற்று இன்னும் குளிர்ந்துபோகும். இந்த இரண்டு மாதம் வைக்கோலை ஒதுக்கி வரப்பில் வையுங்கள். மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமண் உலர்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்துவைக்கும். ஆனால் பகலில், வெயில் இருக்கும்போதே தண்ணீர் விட வேண்டும். கோடையில் இரவுப் பாசனம், பனியில் பகல் பாசனம்.

ஐப்பசி கார்த்திகையில் ஏதாவது உரம் வைத்தீர்களா?

தளிமேடு · டிசம்பர் 19, பிற்பகல் 1:10

கார்த்திகை முதல் வாரம் யூரியா வைத்தேன். மழை ஈரம் வீணாகக் கூடாதே என்று. கறுத்த குருத்தெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

மஞ்சூர்க்காரன் · டிசம்பர் 20, காலை 6:30

நீலகிரியில் எங்களுக்கு இது ஆண்டுதோறும் நடக்கும் போராட்டம். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. பெரிய தேயிலைச் செடியே கருகிச் செம்பு நிறமாகிவிடும். நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் கொண்டுவந்து குத்தி மறைப்போம். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் மலர் நாற்றுகளுக்கு அதையேதான் வைக்கிறார்கள். வெறும் செடிக் கொம்புதான். ஆனால் வானத்துக்கும் நாற்றுக்கும் நடுவே ஏதாவது ஒன்று இருந்தால் போதும், நாற்றின் சூடு நேராக மேலே போய்விடாது.

அதனால் உங்களுக்கு மேல்மறைப்புத்தான் வேண்டும். நான்கு குச்சி நட்டு மேலே பழைய சாக்கோ கோணியோ, இலையில் படாமல். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் முதலில் கருகும். காலையில் எடுத்துவிட வேண்டும்.

பூங்காவில் விடியலில் புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். உறைபனி விழுந்த புல்லுக்கு அது சரி. 9 டிகிரியில் நிற்கும் மகோகனி இலைக்கு அதைச் செய்யாதீர்கள், ஈரம் காயும்போது இலை இன்னும் குளிரும்.

உடுமலைக்காற்று · டிசம்பர் 20, இரவு 8:00

எங்கள் பெரியவர்கள் வரப்பில் சருகு மூட்டிப் புகை போடுவார்கள். அது உதவாதா?

மஞ்சூர்க்காரன் · டிசம்பர் 20, இரவு 9:15

நானும் போட்டவன்தான் அண்ணா. நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வரிசைக்கு நெருப்பின் சூடு கிடைக்கும். புகை போர்வையாக நின்று காக்கும் என்று நம்பினோம், அப்படி நடக்கவில்லை. விடிந்ததும் புகை மூட்டம் நின்றால் சூரியச் சூடு வருவதும் தாமதமாகும். காய்ந்த புல் உள்ள இடத்தில் தீ பரவும் பயம் வேறு.

தளிமேடு · ஜனவரி 11, காலை 9:40

வேலியை மூன்று இடத்தில் அடியில் திறந்துவிட்டேன். ஒரு திறப்புக்கு நான்கடி அகலம். அன்று இரவு பள்ளத்தில் வெப்பமானியை மாட்டிவைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மூன்று டிகிரி இருந்த வித்தியாசம் ஒன்றாகக் குறைந்திருந்தது. வைக்கோலை எடுத்துவிட்டேன். சிறிய கன்றுகளுக்குக் கோணி.

ஆனால் ஒன்று புரியவில்லை. மேட்டிலேயே, கிழக்கு ஓரத்து வரிசை மட்டும் மற்ற வரிசைகளைவிட அதிகம் வெளுத்திருக்கிறது. குளிர் எல்லா வரிசைக்கும் ஒன்றுதானே?

வேர்முடிச்சு · ஜனவரி 11, பிற்பகல் 12:25

குளிர் ஒன்றுதான், காலை வெயில் ஒன்றல்ல. இரவெல்லாம் விறைத்துக்கிடந்த இலைக்கு ஏழு மணிக்கே நேர் வெயில் பட்டால், வரும் ஒளியை உணவாக மாற்றும் நிலையில் அது இருக்காது. செலவாகாத ஒளி பச்சையத்தையே சிதைக்கும். அதுதான் வெளுப்பு. நிழலில் நின்று மெதுவாகச் சூடேறும் இலை தப்பிக்கும்.

கரூர்க்காரர் மேற்கே ஓலை குத்தியதைப் பார்த்து நீங்களும் மேற்கே குத்தியிருப்பீர்கள். தை மாதத்துக்கு அதைப் பிடுங்கிக் கிழக்கே குத்துங்கள். பங்குனியில் மறுபடி மேற்குக்கு மாற்றுங்கள். மேற்கு வெயில் இப்போது கன்றுக்கு வேண்டும், மண் சூடு வாங்குவது அப்போதுதான்.

கறுத்த குருத்தை இப்போது வெட்ட வேண்டாம். வெட்டினால் துளிர்க்கும், துளிர் மறுபடி குளிரில் மாட்டும். மாசி பிறக்கட்டும்.

தளிமேடு · ஜனவரி 27, காலை 8:05

ஓலைகளைக் கிழக்கே மாற்றிப் பதினைந்து நாளாகிறது. அந்த வரிசையில் புதிதாக எந்த இலையும் வெளுக்கவில்லை. பழைய இலை மீளாது என்று தெரியும். தண்டைக் கீறினேன், எல்லாவற்றிலும் பச்சை.

நொய்யல்கரை · பிப்ரவரி 16, இரவு 8:30

எங்கள் காட்டில் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. இந்த முறை பயமில்லை.

உடுமலை அண்ணா சொன்னபடி ஆவணிக் கடைசியில் மேற்கே இரண்டு சால் துவரை போட்டிருந்தேன். தையிலேயே காய் முற்றிவிட்டது. வழக்கமாகச் செடியோடு அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோவோம். இந்த வருடம் காயை மட்டும் கையால் பறித்துவிட்டு, மகோகனிப் பக்கத்துச் சாலைக் காய்ந்த குச்சியோடு அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். குச்சி நிழல் கன்றின் இடுப்பு வரை விழுகிறது. கன்று இப்போது ஏழடி. ஓலை அடித்தண்டுக்கு மட்டும் போதும் என்று அப்பா சொல்கிறார், சின்ன ஓலையாக நூற்றைம்பது சொல்லிவைத்திருக்கிறோம்.

தளிமேடு, உங்களுக்குக் கிழக்கே குத்திய ஓலை பங்குனி வரை தாங்குமா? இங்கே மிச்சமான பெரிய ஓலை எண்பது இருக்கிறது. ஓசூருக்கு வெங்காய லோடு போகும் வண்டி எங்கள் ஊரிலிருந்து வாரம் ஒன்று வருகிறது, ஏற்றிவிடுகிறேன்.